கேட்காமல் செய்தது

உறைபனி விழுந்த ஒரு டிசம்பர் காலை, நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் மூன்று பூனைக்குட்டிகள் விறைத்துக் கிடந்தன. நான்காவது வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

ஊட்டியைக் கோடையில் மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் குளிர்காலம் தெரியாது. காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளமான பகுதிகளில் வெப்பம் பூச்சியத்தை ஒட்டி இறங்கிவிடும். விடியும்போது புல்லின் மீது உப்பைக் கொட்டியதுபோல் பனி படிந்திருக்கும். அந்த இரவுகளில் தெருப்பூனைகள் அப்போதுதான் நிறுத்திய வண்டிகளைத் தேடிப்போய் என்ஜின் சூட்டில் சுருண்டுகொள்ளும். அதனால் காலையில் பானட்டை நாலு தட்டுத் தட்டாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் பால் ஊட்டக்கூடாது. உடல் சில்லிட்டிருக்கும்போது குடல் வேலை செய்யாது, ஊட்டிய பாலே அதைக் கொன்றுவிடும். இதை நான் முந்தைய வருடம் ஒரு குட்டியைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டேன். இந்தமுறை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பசும்பால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் என்பதால் குட்டிகளுக்கான பால்மாவை வாங்கிவரச் செய்து கரைத்து ஊட்டினேன். இரண்டாம் நாள் இரவு அதுவும் போய்விட்டது.

தாய் மூன்று நிறத்தவள். நான் பார்த்தவரையில் அது அவளுக்கு மூன்றாவது ஈற்று. பகலின் நீளம் அதிகம் மாறாத நம் பகுதிகளில் பூனைகள் ஆண்டு முழுதும் ஈனும். இரண்டு மாதச் சுமப்பு, பாலூட்டும்போதே அடுத்த சினை. குட்டிகளைப் புதைத்த இடத்தை அவள் ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போனாள். அதற்கு என்ன பொருள் என்று நான் எழுதப்போவதில்லை. கவிஞர்கள் இப்படிப்பட்ட இடங்களில் நிறையப் பொய் சொல்லியிருக்கிறோம், நானும்தான்.

மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு உள்ளே வைக்கோல் நிரப்பி வைத்தேன். துணி போட்டால் ஈரத்தை உறிஞ்சி இன்னும் குளிரும். அவள் அதில் படுக்கத் தொடங்கினாள். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. கூண்டு வைத்துப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும். பூனைகளைப் பராமரிக்கும் எவரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

பதினைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் பெண்ணின் உடல் பெண்ணுடையது என்று சொல்லி வருகிறேன். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டக் கருத்தடை முகாம்களில் 13 பெண்கள் இறந்ததைப் பற்றி மாணவிகளோடு பேசியிருக்கிறேன். அவற்றுள் ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்திருந்தார்கள். அந்தப் பெண்களைக் குறித்துச் சொல்லப்பட்டவை எல்லாம் என் நாக்கிலும் தயாராக இருந்தன. அவள் நன்மைக்குத்தான். இத்தனை பிள்ளை பெற்று என்ன செய்வாள். அவளுக்கு என்ன தெரியும். பூனையைப் பற்றி இதைச் சொல்லும்போது மட்டும் இந்த வாக்கியங்கள் எப்படிச் சுத்தமாகிவிடுகின்றன?

தமிழில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. உயர்திணை என்பது மக்கள், மற்றதெல்லாம் அஃறிணை என்று பிரித்துத்தான் தொல்காப்பியச் சொல்லதிகாரமே தொடங்குகிறது. "அது" என்று சொல்லிவிட்டால் சம்மதம் என்ற பேச்சே எழாது. நான் அவளை "அவள்" என்றே அழைத்துப் பழகிவிட்டேன். அவள் என்று கூப்பிட்டு மீன் வைத்துவிட்டு, அறுவைக்குத் தூக்கும் நாளில் மட்டும் அதுவாக்கிக்கொள்வது நேர்மையாகப் படவில்லை.

கீழ்வீட்டு அக்கா கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்கிறார். விடியுமுன் பனியில் கிளம்பிப்போய், விரல்கள் வெளுத்துச் சுருங்கித் திரும்புவார். எனக்கு முன்பிருந்தே பூனைகளுக்குச் சோறு வைப்பவர் அவர். நான் வைத்தால் ஜீவகாருண்யம், அவர் வைத்தால் பைத்தியம் என்று தெரு சொல்லும். என் தயக்கத்தை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அது பூனை டீச்சர், கேட்டாலும் சொல்லத் தெரியாது. எனக்கு வாய் இருந்துச்சு. ரெண்டாவது பொறந்த மறுநாளு, வீட்டுக்காரர் சரின்னாரு, மாமியார் சரின்னாங்க, நர்சம்மா சரின்னாங்க. என்னையத்தான் யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கக்கா?"

"நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "ஆனா கேட்டிருக்கலாமில்ல."

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. அவருக்கு நடந்த அநீதி அறுவையில் இல்லை. கேட்கக்கூடிய ஒருவரைக் கேட்காமல் விட்டதில் இருக்கிறது. பூனையைக் கேட்க வழியில்லை. எனவே அக்காவுக்கு நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. இதுவரை எனக்குத் தெளிவு. ஆனால் கேட்க முடியாது என்பது அனுமதி ஆகிவிடாது. கூண்டின் கதவு விழுந்தபோது அவள் கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொண்டாள். அதை மறுப்பு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? நான் அவளுக்காகத்தான் செய்தேன் என்றும் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு டிசம்பரில் இன்னொரு குழி தோண்ட எனக்குத் தெம்பில்லை என்பதும் அதில் இருந்தது. ஆகவே, அவள் நன்மை என்ற சொல்லைக் கைவிட்டேன். இது என் முடிவு, அவள் உடல்மேல் நான் செலுத்திய அதிகாரம். செய்யாமல் விட்டிருந்தால் பிறந்து விறைக்கப்போகிறவற்றுக்கும் நானே பொறுப்பு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தேன். என் கை சுத்தமில்லை.

அறுவைக்காக இடது விலாவில் மயிரை மழித்திருந்தார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டிருந்தார்கள். கருத்தடை ஆன பூனைக்கு அதுதான் அடையாளம், மறுபடி யாரும் பிடித்து அறுக்காமலிருக்க. மழித்த உடம்போடு ஜனவரிப் பனியில் விட முடியாது. பத்து நாள் என் படிப்பறையில் அடைத்து வைத்தேன். முனைவர் பட்ட ஆய்வேட்டின் மேல் மூத்திரம் பெய்தாள், அது நியாயமென்றே பட்டது. பதினோராம் நாள் கதவைத் திறந்தபோது திரும்பிப் பாராமல் ஓடினாள். நான்கு இரவுகள் பெட்டி காலியாக இருந்தது.

இப்போது வருகிறாள். மதியத்தில் அக்கா வாசலில் வெயில் காயும்போது மடியில் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். நான் படியிறங்கும் சத்தம் கேட்டால் எழுந்து சுவரோரம் போய் நின்றுவிடுவாள். மத்தித் தலையைத் தட்டில் வைத்துவிட்டு மேலே வருகிறேன். நான் கதவைத் தாழிட்டபிறகுதான் தட்டு நகரும் சத்தம் கேட்கிறது.