ஹெலிகேம் படத்தை எதில் வெட்டுவது?

பெரம்பலூரிலிருந்து அரியலூர்ப் பக்கம் போகப் போக மண்ணின் நிறம் மாறிக்கொண்டே வரும். கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும். காட்டோரம் சின்ன வெங்காயப் பட்டறைகள் தெரியும். பிறகு ஓரிடத்தில் தரை வெளுத்துவிடும். சுண்ணாம்புக்கல் சுரங்கம் தொடங்கிவிட்டது. சாலையில் நின்று பார்த்தால் வேலியும் மண்மேடும்தான். ட்ரோன் நூறடி ஏறியதும், படிப்படியாக இறங்கும் வெள்ளைப் பள்ளம், அதன் அடியில் தேங்கிய நீலப்பச்சைத் தண்ணீர், விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும் சோளப் பயிர் எல்லாம் ஒரே காட்சிக்குள் வந்துவிடும். சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த, 18 மீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும் கல்மரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளையின் கதை தெரியும். கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அது விட்டுச்சென்ற படிவைத்தான் இன்று சிமெண்டாக்குகிறோம்.

இப்படியொரு காட்சியை ஆசைக்காகப் பிடித்து வருபவர்கள் இரண்டு மாவட்டத்திலும் பெருகிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் கேட்பது, “எந்த சாஃப்ட்வேர்ல எடிட் பண்றது?” அதைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. கார்டில் இருப்பது எந்த வகைக் கோப்பு? வீட்டில் இருப்பது எந்தக் கணினி? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மென்பொருள் பாதி தேர்வாகிவிடும்.

கோப்பிலிருந்து தொடங்குவோம். டிஜேஐ மினி 2 போன்ற சிறு ட்ரோன் 4கே படத்தை விநாடிக்கு 100 மெகாபிட் வரை எழுதுகிறது. அதாவது ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 எம்பி. இருபது நிமிடம் பறந்தால் 15 ஜிபி. கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும், ஐந்தரை நிமிட வாக்கில், துண்டாகி அடுத்த கோப்பு தொடங்குவதும் வழக்கம். ஏரிக்கரை நெடுக ஒரே மூச்சில் பறந்த காட்சி இரண்டு கோப்பாக வந்து நிற்பது இதனால்தான். படம் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

அந்தக் கோப்பு எழுதப்படும் விதம் இன்னும் முக்கியம். மளிகைக் கடை நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி இருப்பு முழுவதையும் எழுதிவிட்டு, மறுநாளிலிருந்து வந்ததையும் போனதையும் மட்டும் குறித்து வைக்கிறார் கடைக்காரர். நோட்டு மெலிந்திருக்கும், ஆனால் இருபதாம் தேதி இருப்பு என்ன என்று கேட்டால் ஒன்றிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகள் இரண்டும் இப்படித்தான் படத்தைச் சுருக்குகின்றன. ஒரு சட்டகம் முழுதாக இருக்கும். பின்வரும் பல சட்டகங்களில் மாற்றம் மட்டுமே இருக்கும். நேராக ஓட விட்டால் சிக்கலில்லை. வெட்டும்போது முன்னும் பின்னும் இழுக்கிறோமே, அங்கேதான் கணினி திணறுகிறது. எச்.265 இன்னும் இறுக்கமாகச் சுருக்குவதால் திணறலும் அதிகம். இன்டெல்லின் 6ஆம் தலைமுறைச் சில்லிலிருந்துதான் 8 பிட் எச்.265ஐப் பிரிக்கும் வேலை முழுவதையும் சில்லே பார்த்துக்கொள்கிறது. 10 பிட்டுக்கு 7ஆம் தலைமுறை வேண்டும். பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இந்த எண்ணை விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

கணினி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். நம் பக்கத்தில் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த கணினியே அதுதான். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் ராம் 2 ஜிபி. அதில் 4கே படத்தை அடுக்கி எடிட் செய்வது நடக்காத காரியம். ஆனால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் அதே காலத்து இயந்திரத்திலும் பயன்படும், புது விண்டோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டால். அது படத்தைப் பிரித்து மறுபடி சுருக்குவதில்லை. முழுச் சட்டகம் இருக்கும் இடமாகப் பார்த்து அப்படியே அறுத்துக் கொடுத்துவிடும். துண்டான இரண்டு கோப்பை ஒட்டவும் செய்யும். தரம் துளியும் குறையாது, நேரமும் பிடிக்காது. எந்தக் கணினி வைத்திருப்பவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இருபது நிமிடப் படத்தில் உருப்படியானது இரண்டு நிமிடம் தேறும். ட்ரோன் ஏறுவது, தடுமாறுவது, திரும்புவது எல்லாவற்றையும் அங்கேயே கழித்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளுக்குப் போனாலும் சுமை பத்தில் ஒன்றுதான்.

அடுத்தது 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப். பெரும்பாலானவர்களிடம் இருப்பது இந்த வகைதான். இதற்கு கேடென்லைவ் அல்லது ஷாட்கட். இரண்டும் எம்எல்டி என்ற ஒரே அடித்தளத்தின் மேல் எழுந்தவை, இரண்டும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், வாட்டர்மார்க் கிடையாது. இவற்றில் ‘ப்ராக்சி’ வசதியைத் தேடி இயக்குங்கள். 4கே கோப்புக்குப் பதிலாக ஒரு சிறிய நகலை மென்பொருளே செய்துவைத்துக்கொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில் நடக்கும். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது அசல் கோப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ப்ராக்சி இல்லாத மென்பொருள், எத்தனை அழகான எஃபெக்ட் வைத்திருந்தாலும், சாதாரண லேப்டாப்பில் ட்ரோன் படத்துக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து.

டாவின்சி ரிசால்வ் பற்றிக் கேட்காதவர் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1984இல் தொடங்கிய டாவின்சி நிறுவனம் சினிமாப் படங்களுக்கு நிறம் திருத்தும் இயந்திரங்களைச் செய்துவந்தது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் 2009இல் அதை வாங்கிய பிறகு, இலவசப் பதிப்பு ஒன்று சாதாரண மனிதர் கைக்கும் வந்தது. அதில் 3840க்கு 2160 அளவு வரை, விநாடிக்கு 60 சட்டகம் வரை படத்தை வெளியே எடுக்கலாம். பொழுதுபோக்குக்கு இது தாராளம். ஆனால் 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளை நேரடியாக ஏற்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மாலை மங்கிய பிறகு எடுத்த படத்தில் மொய்க்கும் புள்ளிகளைத் துடைக்கும் வசதியும் கட்டணப் பதிப்பில்தான்.

பிறகு ஏன் அதை எல்லோரும் புகழ்கிறார்கள்? நிறத்துக்காக. நம் மாவட்டங்களின் வெளிச்சம் அதற்கு நல்ல சோதனை. சித்திரை மதியத்தில் சுண்ணாம்புப் பள்ளத்தின் மேல் பறந்தால், வெள்ளைத் தரை கண்ணைப் பறிக்கும். பக்கத்துக் கரிசல் இருண்டு கிடக்கும். தொலைவில் பச்சைமலை புழுதியில் கரைந்துவிடும். 8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி. 10 பிட்டில் 1024 படி. உங்கள் ட்ரோன் 10 பிட்டில், டி-லாக் போன்ற வெளிறிய வடிவில் எழுதக்கூடியது என்றால், அந்தப் படிகளுக்குள் ஒளிந்திருக்கும் விவரத்தைத் தோண்டி எடுக்க ரிசால்வின் நிறப் பகுதிக்கு இணையாக இலவசத்தில் வேறொன்று இல்லை. 8 பிட்டில் சாதாரண நிறத்தில் எழுதும் ட்ரோன் என்றால் கேடென்லைவின் வளைகோடுகளே போதும். அதற்கு மேல் இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். இரண்டிலும் ஒன்று பொது: எடுக்கும்போதே வெள்ளை முற்றிலும் வெளுத்துப்போயிருந்தால் எந்த மென்பொருளும் அதை மீட்காது. காலை எட்டு மணிக்கு முன் பறப்பது எந்தக் கட்டணப் பதிப்பையும்விட மேல்.

கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் விசாரித்தால் பலர் எடியஸ் என்பார்கள். அவர்கள் தொழிலுக்கு அது பொருத்தம். மூன்று கேமரா, ஒரு ஹெலிகேம் என்று பல வகைக் கோப்புகளை ஒரே டைம்லைனில் போட்டு, மிக்சிங்கை விரைவாக முடித்து ஆல்பத்தோடு கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆசைக்குப் பறப்பவர் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களிடமிருந்து கற்க ஒன்று உண்டு: சட்டக எண். ஸ்டுடியோ கேமராக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 25 சட்டகத்தில் ஓடும். செல்போன் 30இல் எடுக்கும். ட்ரோனை ஒன்றில் வைத்து மற்றதை வேறொன்றில் வைத்துக் கலந்தால், பக்கவாட்டில் நகரும் காட்சி தத்தித் தத்திப் போகும். பறக்கும் முன்பே ஒரே எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் செயலிகள் ரீல்ஸுக்குக் கைகொடுக்கும். 4கே படத்திலிருந்து நெடுக்காக வெட்டினாலும் 1080 அகலம் கிடைத்துவிடும். ஆனால் 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவாவீடியோவும் இருந்தது. அதில் பாதியில் நின்ற வேலைகளை நம்பியிருந்தவர்கள் வேறு செயலிக்கு மாற வேண்டியதாயிற்று. அசல் கோப்பைச் செயலிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

சட்டம் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அது எடிட்டிங் மேசை வரை வந்து நிற்பதால். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானத்தைச் சுற்றி வரத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தின் மேல் பறப்பதை நினைக்கவே கூடாது. ஒரு ட்ரோன் சத்தத்துக்குக் கூட்டமே எழும்பிவிடும். படத்துக்குத் துணையாக ட்ரோன் எழுதும் எஸ்ஆர்டி கோப்பில் இடத்தின் ஆயத்தொலை, உயரம் எல்லாம் பதிவாகியிருக்கும். படத்தை ஊருக்குக் காட்டும்போது அதை எடுத்துவிடுங்கள். வீட்டில் மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

பத்திரப்படுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நிலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. சுரங்கம் விரிகிறது, ஏரி நிரம்புகிறது, வற்றுகிறது. இன்று ஆசைக்கு எடுத்த படம் பத்து ஆண்டில் சாட்சியாகிவிடும். அதனால் பத்து ஆண்டு கழித்தும் திறக்குமா என்பதையும் மென்பொருளிடம் கேட்க வேண்டும். கேடென்லைவின் திட்டக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நோட்பேடிலும் படிக்கலாம். ரிசால்வ் தன் வேலையைத் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்வதால், திட்டத்தைத் தனியாக வெளியே எடுத்து, அசல் கோப்புகளோடு ஒரே ஃபோல்டரில், இரண்டு ஹார்டு டிஸ்கில் வைக்க வேண்டும்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் ஒரு வேலை செய்து பாருங்கள். தை மாதம் உங்கள் காட்டிலிருந்து, அதே உயரத்தில், அதே திசையில் ஒரு காட்சி எடுங்கள். அடுத்த தையில் மறுபடி எடுங்கள். எஸ்ஆர்டியில் இருக்கும் ஆயத்தொலை பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். இரண்டையும் இரண்டு டிராக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேலே இருப்பதை மெல்ல மங்க வையுங்கள். வெள்ளைப் பள்ளத்தின் விளிம்பு சோளப் பச்சைக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று திரையில் தெரியும்.