மாக்கோழியும் கணினித் தவளையும்

விலங்கியல் பயிலும் நம் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் ஓர் உயிரை அறுக்கலாமா என்னும் வினா, நம் இல்லங்களில் இரண்டு தலைமுறைகளாக எழுந்து விடை காணாமலேயே அடங்கியிருக்கிறது. மதிப்பெண் வேண்டும், மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டும் என்ற கவலையில் பெற்றோர் வாய்மூடி இருந்தனர். நானும் அவ்வாறு வளர்ந்தவனே.

புகுமுக வகுப்பில் மெழுகுத் தட்டின் மீது தவளையைக் கிடத்தி, கால்களைக் குண்டூசிகளால் பிணித்து, வயிற்றைத் திறந்தேன். மயக்க மருந்தில் கிடந்த அதன் மூன்றறை இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. அதைப் படமாக வரைந்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அன்று பொழுது சாயுமுன் உணவு பரிமாறிய என் அன்னையார், "இன்றைக்கு என்ன பாடம்?" என்று கேட்டார். "கணக்கு" என்றேன். தவளைக்கு மருந்து வைத்தவர் ஆய்வுக்கூட உதவியாளர்தாமே, நானா கொன்றேன் என்று மனத்திற்குச் சமாதானமும் கூறிக்கொண்டேன்.

அச்சமாதானம் நம் அறநூல்களின் முன் நில்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழியாலும் வினை வந்து சேரும் என்பது சிறு பிள்ளைகளும் அறிந்தது. நாங்கள் தட்டுகளோடு வரிசையில் நின்றதனால் அன்றோ அந்த உதவியாளர் மருந்துப் புட்டியைத் திறந்தார்! உழவிலும் அடுக்களையிலும் நேரும் உயிர்க்கேட்டை இல்லறத்தார் முற்றிலும் விலக்க இயலாது. ஆனால் ஐம்பொறியும் உடைய ஓர் உயிரை, நாளும் நேரமும் குறித்துப் பிடித்து வந்து கொல்வது சங்கல்ப ஹிம்சையே ஆகும். கல்வி என்ற பெயர் அதனை மாற்றிவிடாது.

இந்நிலை மெல்ல மாறியது. பல்கலைக்கழக மானியக் குழு 2011ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இளங்கலை மாணவர் தாமே அறுக்க வேண்டா, ஆசிரியர் ஓர் இனத்தை மட்டும் அறுத்துக் காட்டலாம் என்றது. முதுகலை மாணவர் அறுவைக்கு மாற்றாகப் பல்லுயிர் வளம் பற்றிய செயல்திட்டம் ஒன்றைச் செய்யலாம் என்றும் இடமளித்தது. (ஆசிரியர் அறுக்க, மாணவர் சூழ்ந்து நின்று காண்பதும் உடன்படுதலே என்பதைக் குழுவினர் எண்ணவில்லை போலும்.) 2014இல் விலங்கியல் பாடங்களில் அறுவையையே கைவிடுமாறு அறிவித்தது. சென்னை புளூ கிராஸ் அமைப்பினர் உருவாக்கிய 'கம்ப்யூஃப்ராக்' போன்ற கணினித் தவளைகள் தட்டின் இடத்தைப் பெற்றன. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அண்ணல் காந்தியடிகளின் பெயர் தாங்கி அமைந்த மையமும் இத்தகைய மாற்று வழிகளைக் கற்பித்தது.

இதைக் கேட்டு மகிழ்ந்து நான் பேசிக்கொண்டிருந்தபோது, ஜினாலயத்தில் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "யசோதர மன்னன் வெட்டியதும் மாவினால் செய்த கோழிதானே? அதற்கே அவனும் அவன் தாய் சந்திரமதியும் மயிலும் நாயுமாய்ப் பிறந்து அல்லலுற்றார்களே. திரையில் தெரியும் தவளையை வெட்டினால் மட்டும் குற்றமில்லையோ?" என்றார். உடனே விடை கூற இயலவில்லை. பல நாள் அதனையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாக்கோழியை வெட்டிய மன்னன், அது கொலையாக ஏற்கப்பட வேண்டும் என்றே வெட்டினான். உயிர்ப்பலியின் பயனை விரும்பிய உள்ளமே அவனைப் பிணித்தது. கணினித் தவளையை நாடும் மாணவனோ, கொலை நேரக் கூடாது என்று கருதியே அதனிடம் வருகிறான். இருவர் செயலும் ஒன்றுபோல் தோன்றினும் உள்ளம் வேறு.

இவ்விடையோடு நான் அமைதி பெற்றிருப்பேன். ஒரு பள்ளியில் கண்ட காட்சி அதனைக் கலைத்தது. மாணவர் இருவர் கணினியின் முன் அமர்ந்து, "வெட்டு, இன்னும் வெட்டு" என்று சிரித்தவாறே திரையைக் கிழித்துக்கொண்டிருந்தனர். ஒரு பொத்தானை அழுத்தத் தவளை முழுமையாய் மீண்டது; மறுபடியும் கிழித்தனர். பிழையைத் திருத்தி எத்தனை முறையும் பயிலலாம் என்பது கல்விக்கு ஆதாயமே. ஆயினும் பொத்தானால் மீளும் உயிரோடு பழகிய பிள்ளைக்கு, மீளாத உயிரின் அருமையை யார் சொல்வது? அங்கே பெரியவரின் மாக்கோழி என் கண்முன் வந்து நின்றது.

என் பேத்தி இளங்கலை விலங்கியல் பயில்கிறாள். திரையில் உறுப்புகளைக் கற்றபின், ஒரு மழைக்காலம் முழுவதும் தவளைகளைக் கணக்கெடுக்கும் செயல்திட்டத்தை அவள் கல்லூரியில் கொடுத்தார்கள். வந்தவாசிக்கு அருகே எங்கள் ஊர் ஏரிக்கரையில் கைவிளக்கோடு நின்று, கைப்பேசியில் அவற்றின் ஒலியைப் பதிவு செய்தாள். பெருமழைக்குப் பின் பெரிய ஆண் தவளைகள் மஞ்சள் நிறம் கொள்வதைக் கண்டு வியந்தாள். தலைப்பிரட்டைகள் சிலவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, முதலில் பின்கால்கள் தோன்றுவதையும், பிறகு முன்கால்கள் வெளிப்படுவதையும், வால் சுருங்குவதையும் நாள்தோறும் எழுதினாள். மெழுகுத் தட்டில் நான் காணாதவை இவை. நான் கற்றது தவளையின் உள்ளுறுப்புகளை. தவளை எவ்வாறு வாழ்கிறது என்பதை அவளிடமிருந்தே அறிந்தேன்.

ஒருநாள் குளோரின் கலந்த குழாய்நீரை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டாள். இரண்டு தலைப்பிரட்டைகள் இறந்தன. இரவில் தொலைபேசியில் அழைத்து, "தாத்தா, இதைக் குறிப்பேட்டில் எழுதினால் மதிப்பெண் குறையுமா?" என்று கேட்டாள். குரல் தழுதழுத்தது. அன்னையாரிடம் "கணக்கு" என்று நான் கூறிய பொய்யை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை.

மறுநாள் காலை எஞ்சியவற்றை எடுத்த கரையிலேயே கொண்டுபோய் விட்டாள். குறிப்பேட்டில் தேதியிட்டு, "இறந்தவை இரண்டு, என் கவனக்குறைவால்" என்று எழுதினாள்.