வாக்கு மாறாதவர்

1836-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் என்ற கிறிஸ்தவ போதகர் அனாதைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். தேவைகளை மனிதரிடம் கேட்பதில்லை, இறைவனிடம் மட்டுமே பிரார்த்திப்பது என்பது அவரது விரதம். குழந்தைகளின் அடுத்த வேளை உணவுக்குக் காசில்லாத நாட்களிலும் அவர் கடன் வாங்கவில்லை. இறைவன் சத்திய சொரூபி. தந்த வாக்கிலிருந்து வழுவமாட்டார் என்ற உறுதியே அவரது மூலதனம். 1898-இல் அவர் மறைவதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அவரது பராமரிப்பைப் பெற்றிருந்தனர்.

வந்த காணிக்கைகளுக்கெல்லாம் கணக்கெழுதி வெளியிட்டார் முல்லர். இறைவனின் சத்தியத்தைச் சார்ந்து வாழ்பவன் தன் வாழ்வில் பொய்க்கு இடம் தர முடியாது. நா 'ஆண்டவர் காப்பார்' என்று சொல்ல, கை பொய்க்கணக்கு எழுதுமானால் அது நம்பிக்கை ஆகாது. நஷ்டம் வரும் என்று தெரிந்தும் உண்மையைப் பற்றி நிற்கும்போதுதான் நம்பிக்கை பிரார்த்தனை அறையிலிருந்து கடைவீதிக்கு வருகிறது.