குடத்துக்குள் யார் பெயர்?

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. ரேடியோவில் பாட்டு முடிந்து, கம்ப்யூட்டரும் சமூகமும் பற்றி ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. படித்தவர் ஒருவர் பேசினார். நல்ல குரல், திருத்தமான தமிழ். இன்டர்நெட் வந்த பிறகு உலகமே ஒரு கிராமம் ஆகிவிட்டது என்றார். முடிக்கும்போது சொன்னார்: "கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது." டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

கிராமம் என்று அவர் எதைச் சொன்னாரோ. எனக்குத் தெரிந்த கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியல் சட்டம் கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். உலகம் கிராமமானால் நாம் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. எனக்கும் தலையாட்டத்தான் தோன்றியது. நாமெல்லாம் தெருவைக் கேட்டு, அப்பன் பெயரைக் கேட்டு அளக்கப்பட்டவர்கள். விலாசம் சொல்லும்போது 'காலனி' என்கிற வார்த்தையை மட்டும் விழுங்கிய நாட்கள் எனக்கு உண்டு. ஏடிஎம் மெஷின் அதைக் கேட்பதில்லை. பரீட்சை ரிசல்ட் நம்பரைப் போட்டால் வந்துவிடுகிறது. வாத்தியார் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இது சின்ன விடுதலை அல்ல. கையால் செய்கிற வேலையையெல்லாம் நம் தலையில் கட்டிய சமூகத்தில், இயந்திரத்தை வெறுக்க நமக்குக் காரணமும் இல்லை.

என் கேள்வி வேறு. சாதி தெரியாமல் இருப்பதும் சமத்துவமும் ஒன்றுதானா?

என் சின்னம்மா செங்கல் சூளையிலும் நடவிலுமாக நாற்பது வருஷம் வேலை செய்தவர். ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய் வெறும் பையோடு திரும்பி வந்தார்.

"இன்னாம்மா, அரிசி போடலியா?"

"கை வெச்சா மெஷினு ஒத்துக்க மாட்டேங்குதுடா கண்ணு. தொடச்சி வெச்சேன், தண்ணி தொட்டு வெச்சேன். ரேகையே இல்லியாம்."

"கடைக்காரர் இன்னா சொன்னாரு?"

"அவுரு இன்னா பண்ணுவாரு? நாளைக்கு வான்னாரு. முன்னல்லாம் இல்லன்னு சொன்னா நின்னு சண்ட போடலாம். இப்ப மெஷினு இல்லன்னா யாராண்ட போய்ச் சண்ட போடறது?"

அந்த மெஷினுக்குச் சத்தியமாகச் சாதி தெரியாது. அது ரேகையை மட்டுமே பார்க்கிறது. ஆனால் ரேகை யார் கையில் தேய்கிறது? களிமண் மிதித்து, செங்கல் அறுத்து, சேற்றில் நாற்று நட்ட கையில் தேய்கிறது. கணக்கெழுதிய கையில் தேய்வதில்லை. எந்தக் கைக்கு எந்த வேலை என்று இங்கே முடிவு செய்தது எது? சாதியை யாரும் மெஷினுக்குள் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, அது கையிலேயே எழுதியிருக்கிறது.

இது இன்றைக்கு வந்த சங்கதி அல்ல. பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைப் பெருமையாகச் சொன்னார். முறை என்னவோ நேர்த்தியானதுதான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, எதுவும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்துத்தான் வாங்க வேண்டும். ஒரு தில்லுமுல்லும் நடக்காது.

ஆனால் ஓலையில் பெயர் வர வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. அந்த நிலத்தில் உழைத்தவர் பெயர் குடத்தின் பக்கமே போகவில்லை. சிறுவனுக்குச் சாதி தெரியாது. தெரிய வேண்டியதில்லையே! அந்த வேலை குடத்தை மூடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கம்ப்யூட்டரும் அந்தச் சிறுவன் மாதிரிதான். ஓலை எழுதுகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த ஊர். வேலைக்குப் போனவர்களோடு சாதியும் விமானம் ஏறிப் போயிருக்கிறது.

இன்னொரு காட்சி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்கில் புதுச்சேரி கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் அந்த மையம் கோயில் கட்டடத்திலேயே இருந்தது. 2000 ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதைப் பற்றி எழுதியது. கோயிலுக்கு இரண்டு வாசல். ஒன்றில் தாழ்த்தப்பட்டவர்களும் மாதவிலக்கான பெண்களும் நுழையக்கூடாது. இன்னொன்றில், கம்ப்யூட்டர் இருக்கிற வாசலில், யாரும் போகலாம்.

இரண்டாவது வாசலைத் திறந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அதன் வழியாகப் போன நம் பிள்ளைகள் ஏதோ கற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் இரண்டாவது வாசல் திறந்திருக்கிறது என்பதைக் காட்டி முதல் வாசலைப் பற்றிய கேள்வியை மூடிவிடலாம். அதுதான் ஆபத்து. 'கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது' என்கிற வாக்கியமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அது குற்றத்தை அப்படியே விட்டுவிட்டுக் குற்றவாளியை மட்டும் காணாமல் அடிக்கிறது.

சின்னம்மா கேட்டது இதைத்தான். இல்லை என்று சொல்கிற அதிகாரம் ஒன்று இருக்குமானால், அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாத நியாயம், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நியாயம் ஆகாது.

வழி இருக்கிறதா? ரேடியோவையே எடுத்துக்கொள்வோம். ஒலிபரப்பு அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்புச் சொன்னது. தெலங்கானாவின் ஜகீராபாத் பக்கம் தலித் பெண்கள் பல வருஷம் லைசென்ஸ் இல்லாமல் கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று அவர்களது 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியது. அதைத் திறந்து வைத்தவர் 1995 தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவரான நீதிபதி பி.பி. சாவந்த். அங்கே மைக் பிடிப்பதும் மெஷினை இயக்குவதும் விவசாயக் கூலி வேலை செய்த பெண்கள். அவர்கள் பேசுவது அவர்கள் வீட்டுத் தெலுங்கு. அந்த ரேடியோவுக்குச் சாதி தெரியும். தெரிந்துதான் அது பேசுகிறது.

டீக்கடையில் நிகழ்ச்சி முடிந்தது. நேயர்கள் கேள்விகளை எழுதி அனுப்பலாம் என்று விலாசம் சொன்னார்கள். சின்னம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதி அனுப்பியிருக்கிறேன், அவர் சொன்ன வார்த்தையிலேயே: மெஷினு இல்லன்னா யாராண்ட போய்ச் சண்ட போடறது?