விலையும் மதிப்பும்: பழைய மனையொன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஒரு பொருளை மதிப்பிடுதல் என்பது அதன் குணங்களை எண்ணிக் கணக்கிடுவது மட்டுமன்று. அப்பொருள் அவ்வாறு அமைந்ததற்கான காரணங்களை அறிதலும் ஆகும். மேசையொன்றை மதிப்பிடும்போது இவ்விரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தோன்றுவதில்லை. வீடு அத்தகையதன்று. அது நிலத்தில் ஊன்றியது, அயலோடு பிணைந்தது, ஒருவர் நீங்க இன்னொருவர் புகுவது. ஆதலின், விலைக்கு வந்த வீடொன்றைப் பார்த்து 'நல்ல வீடு' என்று கூறுபவர் உண்மையில் எதனை நல்லதென்கிறார் என்னும் வினா, அழகியலையும் பொருளியலையும் தொட்டு ஈற்றில் அறவியலில் வந்து முடிகிறது. இவ்வினாவை ஆராய்வதற்கு நியூ யோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிலுள்ள பழைய மனைகள் தக்க எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வசதி படைத்த குடும்பங்களுக்கென வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய மூன்று நான்கு மாடிகள். தெருவிலிருந்து முதன்மைத் தளத்துக்கு ஏறும் உயர்ந்த கற்படிகள். முகப்பிலே கபில நிற மணற்கல். இக்கல்லில் பெரும்பகுதி கனெற்றிக்கற் மாநிலத்தின் போட்லன்ட் என்னும் ஊரில் அகழப்பட்டது. ஒரு குடும்பத்துக்கென எழுந்த இம்மனைகள் பிற்காலத்தில் பல குடும்பங்களுக்கும் தனியறைவாசிகளுக்குமாகப் பிரிக்கப்பட்டன. இன்று அவற்றுட் பல மொத்தமாக வாங்கப்பெற்று, புதுக்கப்பெற்று, தளம் தளமாகத் தனிக்குடியிருப்புகளாய் விற்கப்படுகின்றன. அவ்வாறான ஒரு குடியிருப்பைப் பார்க்க வருபவரே இக்கட்டுரை கருதும் மதிப்பீட்டாளர்.

அவர் கண்ணில் முதலிற் படுவது வேலைப்பாடு. கூரையோரத்துச் சுண்ணச் சித்திர வேலை, சலவைக்கல் பதித்த கணப்படுப்பு, சுவருக்குள் ஒளிந்துகொள்ளும் இழுகதவுகள், மரத்துண்டுகள் இழைத்த தளம் ஆகியவற்றைத் தரகர் ஒவ்வொன்றாகக் காட்டி, 'எல்லாம் பழைமை மாறாதவை' என்பார். விழிப்புள்ளவர் இதனோடு அமைதி கொள்ளார். முகப்பின் மணற்கல் மென்மையானது. செங்கற் சுவரின்மேல் மெல்லிய போர்வையாகப் பொருத்தப்பட்டது. கல்லின் இயற்கைப் படைகள் கிடையாக இராது நிலைக்குத்தாக அமையும்படி அது பல இடங்களில் வைக்கப்பட்டமையால், நீர் புகுந்து பனியில் உறையும்தோறும் அடையடையாக உரிந்து விழுந்தது. எனவே இன்று புதுப்பொலிவோடு நிற்கும் முகப்பு, பெரும்பாலும் கல்லன்று. கல்லின் நிறமும் வடிவும் ஊட்டப்பெற்ற சீமெந்துக் கலவையே. நியூ யோர்க் நகரம் 1960இல் வீடுகளுக்கு ஈயப் பூச்சைத் தடைசெய்தது. ஆயின் புதிய வெள்ளைப் பூச்சின் அடியில் அதற்கு முற்பட்ட படைகள் இருக்கக்கூடும். உத்திரங்களும் நீர்க்குழாய்களும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்விடத்தில் ஜோன் றஸ்கின் 1849இல் கொண்ட நிலைப்பாடு நினைவுகூரத்தக்கது. பழைய கட்டடத்தைப் புதுக்குதல் அதனை அழித்தலே என்பது அவர் கருத்து. அக்கருத்து மிகையானது. சீமெந்துப் போர்வை உள்ளிருக்கும் செங்கல்லைக் காக்கிறது. தெருவின் ஒருமைப்பாட்டையும் பேணுகிறது. புதியது சேர்ந்தமை குற்றமன்று. புதியதைப் பழையதெனக் கூறுதலே குற்றம். ஆகவே வேலைப்பாட்டை மதிப்பிடும் முதல் அளவுகோல் அழகன்று, வாய்மை எனலாம்.

ஆனால், வேலைப்பாடு வாய்மையுடையதாகவே இருப்பினும் மதிப்பீடு முற்றுப்பெற்றதாகுமா? இமானுவேல் கான்ற் 1790இல் வெளியிட்ட நூலில் ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். மக்களின் வியர்வையை வீண்செலவு செய்து எழுப்பியது என்று ஒருவர் அதனைக் கண்டிக்கலாம். அக்கண்டனம் நியாயமாகவும் இருக்கலாம். எனினும் அரண்மனை அழகியதா என்ற வினாவுக்கு அது விடையாகாது என்பது அவர் வாதம். அழகை நுகர்வோர்க்கு அப்பொருள்மீது பற்றோ நாட்டமோ இருத்தல் ஆகாதென்றும் அவர் வரையறுத்தார். இவ்வாதத்தைத் துணைக்கொண்டு, 'வீடு அழகியது. வரலாறு வேறு விடயம்' என்று கூறுவோர் உளர். அவர்கள் கான்றின் வாதத்தில் ஒரு பாதியை மறந்துவிடுகின்றனர். தெருவில் நடந்து செல்லும் வழிப்போக்கன் அம்முகப்பை நாட்டமின்றி நோக்கலாம். வாங்க வந்தவர் அவ்வாறு நோக்க இயலாது. அவர் அதனை உடைமையாக்கிக்கொள்ள வந்தவர். உடைமையாளர் ஆக விரும்புபவர், பார்வையாளனுக்குரிய அப்பாவித்தனத்தைக் கோர முடியாது. அவர் விலையை ஆராய்பவர். விலையை ஆராய்பவர் அதன் காரணங்களையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வீடுகள் ஒரு காலத்தில் மலிவாயிருந்தது ஏன்? 1933இல் தோற்றுவிக்கப்பட்ட வீட்டுடைமையாளர் கடன் கூட்டுத்தாபனம் என்னும் அரச நிறுவனம் அமெரிக்க நகரங்களின் பகுதிகளைத் தரம் பிரித்து நிறந்தீட்டிய வரைபடங்களை ஆக்கியது. கடனுக்கு ஆபத்தானவையெனக் கருதப்பட்ட பகுதிகள் சிவப்பு நிறம் பெற்றன. புறூக்ளினின் பெட்போட்-ஸ்ரைவெசன்ற் அவற்றுள் ஒன்று. கட்டடங்களின் நிலை மட்டுமன்றி, அங்கு வாழ்ந்தோரின் இனமும் தரத்தை நிர்ணயித்தது. 1936இல் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை ஹார்லத்தை இப்பகுதியோடு இணைத்த பின்னர் கறுப்பின மக்கள் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களுக்குக் கடன் கிட்டவில்லை; கடன் இன்மையால் திருத்த வேலை நடைபெறவில்லை; திருத்தம் இன்மையால் வீடுகள் சீரழிந்தன; அச்சீரழிவே கடன் மறுத்தமை சரியென்பதற்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. காரணமே காரியத்தைச் சாட்சிக்கு அழைத்த விந்தை இது. வீட்டு விடயத்தில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டம் 1968இலேயே வந்தது.

எனினும், அந்தப் பல்லாண்டுகளில் அவ்வீடுகள் இடிந்து மறைந்துவிடவில்லை. அறைகளை வாடகைக்கு விட்டு வரி செலுத்தியோரும், கற்படிகளைக் கழுவித் துடைத்தோரும், தெருவுக்கொரு சங்கம் அமைத்து மரம் நட்டோரும், தேவாலயங்களைப் பேணியோரும் அங்கு இருந்தனர். 1967இல் அப்பகுதியின் மீளமைப்புக்கெனக் கூட்டுத்தாபனமொன்று உருவாயிற்று. 1971இல் அதன் ஒரு பிரிவாகிய ஸ்ரைவெசன்ற் ஹைற்ஸ் வரலாற்றுச் சிறப்புப் பகுதியென நகராட்சியால் அறிவிக்கப்பட்டது. சிவப்பு நிறந்தீட்டப்பட்ட அயலிலேயே காக்கத்தக்க தெருக்கள் காக்கப்பட்டிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று அதே வீடுகள் விலையுயர்ந்தது ஏன்? செங்கல்லும் மரமும் முன்னையவைதாம். நிலத்தின் பெறுமதி உடைமையாளரின் உழைப்பால் அன்றிச் சமுதாயத்தின் வளர்ச்சியால் உயர்கிறது என்று ஹென்றி ஜோர்ஜ் 1879இல் வாதிட்டார். புகையிரத நிலையமும் பாடசாலையும் மரநிழலும் அயலவரின் பாதுகாப்பும் விலைக்குள் புகுந்துவிடுகின்றன. ஆயின் விற்பனை உறுதியில் அவற்றை ஆக்கியோரின் பெயர் இல்லை. லண்டனின் தொழிலாளர் தெருக்களில் நடுத்தர வகுப்பினர் குடிபுக, முன்னிருந்தோர் வெளியேறியதை ஆராய்ந்த ரூத் கிளாஸ், 1964இல் அப்போக்குக்கு 'கனவான்மயமாதல்' எனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். புறூக்ளினிலும் அதுவே நிகழ்ந்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் பெட்போட்-ஸ்ரைவெசன்றில் கறுப்பின மக்களின் தொகை குறைந்தது. வெள்ளையரின் தொகை பெருகியது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. நாற்பது ஆண்டுகள் அவ்வீட்டைக் காத்த கறுப்பின மூதாட்டி ஒருவர் அதனை இன்றைய விலைக்கு விற்றால், அது அவருக்குக் காலந்தாழ்த்தியேனும் கிடைத்த நீதியன்றோ? வாங்குவது தவறென்று அறம் பேசுவோர், அவருக்குரிய முழுவிலையை இரண்டாம் முறையும் மறுப்பவராகாரோ? இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. அது வாங்குதலைப் பொதுப்படக் கண்டிப்பதைத் தகர்த்துவிடுகிறது. ஆயின் அது உடைமையாளர்க்கு மட்டுமே பொருந்தும். அதே வீட்டின் மேல்தளத்தில் நாற்பது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவரும் அவ்வயலை ஆக்கியவரே. அவருக்கு விலையில் பங்கில்லை. நகரின் வாடகை நிலைப்படுத்தற் சட்டம் பொதுவாக ஆறும் அதற்கு மேற்பட்டும் குடியிருப்புகள் கொண்ட பழைய கட்டடங்களுக்கே உரியது. மூன்று நான்கு குடும்பங்கள் வாழும் மனைகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. புறூக்ளின் மனைகளின் விற்பனை விளம்பரங்களில் 'குடியாட்கள் இன்றி வெறுமையாக ஒப்படைக்கப்படும்' என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பு அடிக்கடி இடம்பெறும். அது வீட்டின் சிறப்பியல்புகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. சலவைக்கல் அடுப்பைப்போல வெறுமையும் விலையை உயர்த்துகிறது.

வாங்குபவர் சிவப்பு வரைபடத்தை வரையவில்லை. மேல்தளத்தவரை அவர் வெளியேற்றியிருக்கவும் மாட்டார். ஆகவே அவரைக் குற்றவாளி என்பது பொருந்தாது. ஆனால் குற்றமின்மை வேறு, கடனின்மை வேறு. தான் செய்யாத தீமையின் பயனைத் துய்ப்பவர் அத்தீமைக்குப் பொறுப்பாளி அல்லரெனினும், அப்பயனுக்குக் கடனாளி ஆகிறார். 'நான் வாங்கினேன், அவ்வளவே' என்பது அக்கடனை மறக்கும் கூற்று. 'அழிய இருந்த வீட்டை நான் மீட்டேன்' என்பது அதனினும் கொடிது. அது கடன் கொடுத்தவரையே கடனாளியாக்குகிறது. வீட்டை மீட்டவர் எவருமில்லர். அது காக்கப்பட்டு வந்தது.

இக்கடனைத் தீர்க்கும் வழிகள் பெரியனவல்ல. படிக்கட்டில் மாலைப்பொழுதில் கூடியிருப்போரைத் தொல்லையெனக் கருதி முறைப்பாடு செய்யாமை. தெருச் சங்கத்தில் தலைமை நாடாது உறுப்பினராதல். வாடகைக் குடியினரின் பாதுகாப்பை விரிவாக்கும் சட்டத்துக்கு, தன் உடைமையின் விலை சற்றுத் தாழ்ந்தபோதும் ஆதரவளித்தல். இவற்றுள் இறுதியானதே உரைகல். ஏனையவை நல்லியல்பு, அது ஒன்றே இழப்பை ஏற்பது.

முகப்புக் கல் உண்மையா போலியா என்று தட்டிப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை. அவ்வறை வெறுமையானது எவ்வாறு என்று கேட்பது அவரது கடமை. முதல் வினாவுக்குத் தரகர் விடை சொல்வார். இரண்டாவதற்கு விடை அயலில்தான் உண்டு. கதவைத் திறந்து வெளியே சென்று கேட்பவருக்கே அது கிடைக்கும்.