வாசற்படி தாண்டும் தண்ணீர்

மழைக்கு எங்கள் நாய் செவலை அசைய மாட்டாள். தெருவில் நனைந்துகொண்டே படுத்திருப்பாள். வாசலைக் கழுவும்போது ஒரு கை நீர் படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் மட்டும் எழுந்து மாடிப்படிக்கு ஓடுவாள். தரை காயும்வரை இறங்க மாட்டாள்.

எண்ணூரில் ஒரு வீட்டில் பிறந்தவள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பக்கத்துக் குப்பங்களில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் ஏறியது. சுவரில் கறுப்புக் கோடு, படகில் பிசுக்கு, கழிமுகத்தில் சிறகு ஒட்டிய கூழைக்கடாக்கள். அப்போது அவளுக்கு ஒரு வயது நிறையவில்லை. திருவொற்றியூருக்கு எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. அந்த இரவில் அவள் எங்கே நின்றாள் என்று சொல்ல ஆளில்லை. படியேறி ஓடும் கால்கள்தான் சொல்கின்றன.

*

பாவ்லோவ் என்றால் பள்ளிக்கூடத்தில் மணியோசையும் எச்சிலும்தான். அவருடைய ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொன்றை யாரும் நடத்துவதில்லை. 1924 செப்டம்பரில் நேவா ஆறு பெருகி லெனின்கிராடுக்குள் புகுந்தது. நாய்கள் கூண்டுக்குள் கழுத்தளவு நீரில் மிதந்தன. கூண்டுக் கதவுகள் தாழ்வானவை. தலையை நீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க முடிந்தது. பிழைத்தவற்றில் சில, மாதக்கணக்கில் பழகியதை எல்லாம் மறந்திருந்தன. மெல்ல மெல்லப் பழக்கம் திரும்பியது. பிறகு ஒரு நாள் ஆய்வறைக் கதவின் அடியில் கொஞ்சம் நீரைக் கசிய விட்டுப் பார்த்தார்கள். நாய் பதறியது, திரும்பி வந்ததெல்லாம் மறுபடி போய்விட்டது.

அந்த நாயும் கனமழையைத் தாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கதவடியில் வரும் நீர் வேறு.

*

"நாட்டு நாய்தானே, அது ஜாதியே அப்படித்தான்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. லாப்ரடார் வைத்திருப்பவர்களும் நல்லதுக்கு இதையே சொல்கிறார்கள். 2022இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனத்தை வைத்து விளக்க முடிந்தது 9 விழுக்காடு அளவுதான். பரம்பரை பொய் என்றில்லை. குணங்களில் கொஞ்சம் இரத்தத்தில் வரத்தான் செய்கிறது. இனத்தின் பெயரைக் கேட்டுக் குணத்தைச் சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான். அக்காவிடம் சொன்னேன். "நீ நாய்க்கு வக்கீலு" என்றார்.

*

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது கூடைகளுக்கு நடுவில் யார் காலும் படாமல் நாய்கள் தூங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அதே நாய்கள் தெருமுனைக்கு வந்து ஒன்றையொன்று பார்த்துச் சீறும். வெறி பிடித்துவிட்டது என்பார்கள். பசி என்று சொன்னால் போதாதா?

மீன் வெட்டும் பெண்களில் சிலர் செவுளை எறியும்போது தலையையும் ஒரு தடவு தடவுவார்கள். மேற்கு வங்கத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடம் இதைச் சோதித்து 2017இல் எழுதியது: முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வரும்போது, தீனி போட்டவரைவிடத் தடவிக் கொடுத்தவரையே அவை அதிகம் நம்பின.

*

பட்டினத்தார் சமாதிவரை மாலையில் செவலையோடு நடப்பதுண்டு. திருவோடும் நாயும் வைத்திருந்த பத்திரகிரியாரைச் சம்சாரி என்று சுட்டிக்காட்டினார் பட்டினத்தார். வெட்கத்தில் பத்திரகிரியார் ஓட்டை எறிய, அது பட்டு நாய் செத்தது என்று கதை. துறவின் மேன்மைக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நாய்மேல்தான் கவனம். அரசாண்டு விட்டுவந்த ஒருவரின் பக்கத்தில், அவர் வாங்கிய சோற்றில் பங்கு தின்றுகொண்டு, அவர் முகத்தை எத்தனை நாள் பார்த்திருக்கும்!

2019இல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் நாயின் ரோமத்தையும் வளர்ப்பவரின் தலைமுடியையும் எடுத்துக் கார்டிசாலை அளந்தார்கள். நீண்ட நாள் மன அழுத்தம் இரண்டிலும் சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தது. எங்கள் வீட்டில் நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் எல்லோரும் சிடுசிடுப்போம். அந்த வாரம் செவலை மதியச் சோற்றைத் தொடுவதில்லை. வெயில் என்று அம்மா காரணம் சொல்வார். வெயில் மற்ற வாரங்களிலும் அடிக்கிறது.

*

செவலையின் குட்டி ஒன்று எதிர்வீட்டில் வளர்கிறது. லாரித் தண்ணீர் குழாயில் பீய்ச்சும்போது குடங்களுக்கு நடுவே அது புரண்டு விளையாடும். வீட்டுக்குள் நீர் வந்தால் நக்கிப் பார்க்கும். அம்மாவின் வெள்ளம் குட்டிக்கு வரவில்லை. ஆனால் ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் இருவருக்கும் ஆகாது. குட்டியை ஹெல்மெட் போட்ட யாரும் அடித்ததில்லை. கண் திறந்து தத்தித் திரிந்த வாரங்களில் அம்மா குரைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறது. ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை என்று குறித்த பருவம் அதுதான்; யார் நம்மவர், யார் வேற்றாள் என்று குட்டி படித்துக்கொள்ளும் காலம்.

எதிர்வீட்டுத் தம்பி டெலிவரி வேலைக்குப் போகிறவன். இப்போதெல்லாம் தெருமுனையிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே வண்டியைத் தள்ளி வருகிறான். குட்டி பாதிக் குரைப்பில் வாலை ஆட்டுகிறது. செவலை எங்கள் திண்ணையிலிருந்து, அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை குரைக்கிறாள்.