பல் டாக்டரின் ரோஜா

ஆகஸ்டில் டாலஸ் வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது, இங்குள்ள பெரிய கார்டன் சென்டர்களின் பின்பக்கம் ஒரு ரேக் நிரம்பத் தொடங்கும். வாடினது, கரும்புள்ளி விழுந்தது, இலையே இல்லாமல் குச்சியாக நிற்பது எல்லாம் அங்கே போகும். மே மாதம் முப்பது டாலருக்கு விற்ற ரோஜாச் செடி இப்போது ஐந்து டாலர், மஞ்சள் ஸ்டிக்கரோடு.

அமெரிக்காவின் பெரிய கடைகளில் நிற்கும் பல செடிகள் அந்தக் கடைக்குச் சொந்தமே இல்லை. பில் போடும் இடத்தில் ஸ்கேன் ஆகும்வரை அவை வளர்த்துக் கொடுத்த நர்சரியின் சரக்கு. ஸ்கேன் ஆனால்தான் கடை நர்சரிக்குப் பணம் கொடுக்கும். செத்தால் நஷ்டம் நர்சரிக்கு. தண்ணீர்க் குழாய் இருப்பதோ கடையில். எங்கள் ஆபீஸிலும் இப்படிச் சில சர்வீஸ்கள் உண்டு. எல்லாரும் பயன்படுத்துவார்கள், ஓனர் என்ற இடத்தில் மட்டும் யார் பெயரும் இருக்காது. யாரும் கெட்டவர்கள் இல்லை. செடி மட்டும் காய்கிறது.

அந்த ரேக்கிலிருந்து வாங்குவது இரக்கமா, மலிவு ஆசையா? "பாவம்னு வாங்குறவன் ஸ்டிக்கர் ஒட்டுறவரைக்கும் ஏன் காத்திருந்த?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். இரண்டும்தான் என்றேன். இரக்கம் சுத்தமாக வந்தால்தான் செல்லும் என்றால் உலகத்தில் பாதிச் செடிக்குத் தண்ணீர் கிடைக்காது. என்னைக் குடைந்தது வேறொன்று. அதற்கு முன் செடியைப் பிழைக்க வைக்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியில் இருக்கும் பீட் கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது. மேலே ஊற்றினால் சுவரோரமாக வழிந்து அடித்துளை வழியே போய்விடும். பார்ப்பவருக்கு ஊற்றினது மாதிரி இருக்கும், வேருக்குச் சொட்டுப் போயிருக்காது. (இந்த மாதிரி அக்கறையை நாம் மனிதர்களிடமும் பார்த்திருக்கிறோம்.) தொட்டியோடு வாளியில் முக்கி, குமிழி நிற்கும்வரை விட வேண்டும். பிறகு நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்க்கணும். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால், உள்ளே வெள்ளை தெரியும் இடம்வரை வெட்டிக்கொண்டே கீழே வரணும். உரம் கூடவே கூடாது; காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி போடுகிற கதை அது. பாதி நிழலில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் மிச்ச வேலை, அதுதான் கஷ்டமும்.

போன ஆகஸ்டில் நான் கொண்டுவந்ததன் லேபிளில் 'பீஸ்' என்று இருந்தது. மஞ்சள் இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு. பிரான்சில் பிரான்சிஸ் மெய்யான் உருவாக்கி, 1945இல் அமெரிக்காவில் இந்தப் பெயர் பெற்ற புகழ்மிக்க ரோஜா. தண்டை வெட்டிக்கொண்டே வந்தேன், பச்சை வரவில்லை. ஒட்டுப்போட்ட முடிச்சுவரை வந்துவிட்டேன். அக்டோபரில் முடிச்சுக்குக் கீழே, மண்ணிலிருந்து இரண்டு தளிர்கள் நிமிர்ந்தன. வீடே கொண்டாடியது. ஏப்ரலில் பூத்தது. மஞ்சள் இல்லை, அடர்ந்த ரத்தச் சிவப்பு.

ரோஜா வளர்க்கும் அமெரிக்கர்கள் இதைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார்கள்: டாக்டர் ஹூயி. 1920இல் விற்பனைக்கு வந்த கொடி ரோஜா. உருவாக்கிய ஜார்ஜ் தாமஸ், கால்ஃப் மைதானங்களை வடிவமைத்தவர். தனக்கு ரோஜாப் பைத்தியம் பிடிக்கவைத்த பிலடெல்பியா பல் டாக்டரின் பெயரை வைத்தார். வசந்தத்தில் ஒரே தடவைதான் பூக்கும். ஆனால் வேர் பலமானது, மொட்டு ஒட்டுவதற்கு வாகானது. அதனால் வேர்ச்செடியாகிவிட்டது. இந்த நாட்டின் எத்தனையோ புகழ்பெற்ற ரோஜாக்கள் பல வருஷமாக இவர் காலில்தான் நிற்கின்றன. மேலே இருப்பது செத்தால்தான் இவர் முகம் தெரியும். என் தொட்டியில் சமாதானம் செத்துவிட்டது, பல் டாக்டர் பிழைத்துக்கொண்டார்.

நம் ஊர்க் கொல்லையில் குச்சி நட்டு வந்த பன்னீர் ரோஜாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாடு மேய்ந்து அடியோடு போனாலும் வேரிலிருந்து அதே பன்னீர் ரோஜாதான் வரும். ஒட்டுச்செடியில் 'பிழைத்தது' என்ற சொல்லுக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பீஸ் என்ற ரகத்தை நான் காப்பாற்றவில்லை. ஒரே விதைக்கன்றிலிருந்து மொட்டெடுத்து மொட்டெடுத்து உலகெங்கும் பரவிய அதற்கு என் தயவு வேண்டாம். காப்பாற்றியது யாரும் விலை போடாத ஒன்றை. இந்த இடத்தில் தோட்டக்காரர்களின் அறிவுரை ஒன்றுதான்: தோண்டிப் போடு, புதுசு வாங்கு. ஒட்டு உயிரோடிருக்கும்போது கீழிருந்து வரும் தளிரை வெட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மேலதை அமுக்கிவிடும். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் மேலே யாருமில்லாதபோது யாருக்காக இதை வெட்டுவது? லேபிளில் இருக்கும் படத்துக்காகவா?

பெரியப்பா கணக்கு வாத்தியார். பக்கவாதம் வந்தபின் அவருக்குப் பேச்சு அநேகமாகப் போய்விட்டது, பாட்டு வந்துவிட்டது. வாழ்நாளில் முணுமுணுத்துக்கூடக் கேட்டிராத மனிதர், வார்த்தை கிடைக்காமல் தவித்துவிட்டு, பழைய சினிமாப் பாட்டை முழுசாகப் பாடுவார். பேச்சிழந்தவர்களில் சிலருக்கு இப்படி நடப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் எல்லாரும் பிசியோதெரபி, பயிற்சி அட்டை என்று அலைந்தது பழைய ஆளை மீட்க. அவர் பாடினால் "சரி பெரியப்பா, இப்ப இது என்ன சொல்லுங்க" என்று அட்டையை நீட்டுவோம். பெரியம்மாதான் ஒருநாள் அட்டையை வாங்கி வைத்தாள். "இவரு வேற ஆளுதான்டா. எனக்குத் தெரியாதா? இவரும் நல்லவராத்தான் இருக்காரு. பாட வுடுங்க."

பெரியப்பாவைச் செடி என்று சொல்ல வரவில்லை. செடிக்கு வலியில்லை என்றே நினைக்கிறேன். தோண்டிப் போட்டால் அது பாவமும் ஆகாது. தொட்டிக்கு முன்னால் ஏப்ரலில் எனக்கு வந்த ஏமாற்றம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பயிற்சியால் பெரியப்பாவின் வலது கை கொஞ்சம் திரும்பியது, அதை நிறுத்தியிருக்கக் கூடாது என்பதும் உண்மை. பெரியம்மாவும் நிறுத்தச் சொல்லவில்லை. கையைப் பிடித்துவிட்டபடியே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூவெல்லாம் மே மாதமே உதிர்ந்துவிட்டது. இனி அடுத்த வசந்தம்தான். ஆனால் தண்டு நிற்கவில்லை, என் உயரம் தாண்டி வளைந்து பக்கத்து வீட்டு வேலியைப் பார்க்கிறது. கொடி அல்லவா. நண்பன் வந்து பார்த்துவிட்டு, "அஞ்சு டாலர் செடிக்கு அம்பது டாலர் பந்தலாடா?" என்றான். தொட்டியும் பத்தாது. சனிக்கிழமை வேலியோரம் குழி வெட்ட வேண்டும்.